ஆடிக் காற்றுக்கு ஒரு வேலை, ஐப்பசி மழைக்கு ஒரு வேலை: கொங்கு வீட்டுக்கான ஆண்டுப் பழக்கங்கள்

அவிநாசிக்கு அருகே சொந்த வீட்டில் வசிக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். கணவனும் மனைவியும் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். வீட்டில் மாமியாரும் பள்ளிக்குச் செல்லும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். மண்ணையும் நீரையும் கெடுக்காமல் வாழ வேண்டும் என்று ஒவ்வொரு ஜனவரியிலும் ஏதாவது தொடங்குகிறார்களாம். பங்குனி வெயில் வருவதற்குள் அது நின்றுவிடுகிறதாம். ஆண்டு முழுவதும் நிலைக்கக்கூடிய எளிய பழக்கங்கள் எவை, மாடியில் சோலார் போடலாமா என்பது கேள்வி.

மில்களில் மின்சாரமும் நீராவியும் எங்கே வீணாகின்றன என்று அளந்து சொல்வது என் தொழில். ஐம்பது சிக்கனங்களை ஒரே நாளில் தொடங்கிய மில்கள் ஆறு மாதத்தில் ஐம்பதையும் மறந்ததைப் பார்த்திருக்கிறேன். எது அதிகம் தின்கிறது என்று அளந்து, அதை முதலில் அடைத்த மில்கள்தான் தேறின. வீட்டுக்கும் அதையே சொல்வேன். இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களில் பெரும்பாலானவை பனி பொழியும் ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுக்காக எழுதியவை. நம் வீட்டுக்கு நம் ஊரின் மழையும் வெயிலும் காற்றும்தான் கணக்கு. ஜனவரி ஒன்றாம் தேதிக்கு இங்கே எந்த வேலையும் இல்லை; ஆடிக்கும் புரட்டாசிக்கும் மாசிக்கும்தான் வேலை இருக்கிறது. பருவம் வரும்போது அதற்குரிய வேலையைச் செய்தால் போதும், பழக்கம் தானாகவே ஆண்டைச் சுற்றி வந்துவிடும்.

முதலில் தண்ணீர். கொங்கு நாட்டில் வேறு எதையும் இதற்கு முன்னால் வைக்க எனக்கு மனம் வராது. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையை மலை வாங்கிக்கொள்கிறது. வால்பாறைக்கு மேலே சின்னக்கல்லாற்றில் கொட்டித் தீர்க்கும் அதே நாளில் பல்லடத்தில் புழுதி பறக்கும். கோவை, திருப்பூர் சமவெளியில் ஆண்டு முழுவதும் பெய்வது ஏறத்தாழ 600 முதல் 700 மில்லிமீட்டர். தமிழகத்தின் சராசரி 900 மில்லிமீட்டருக்கும் மேல். இந்தக் குறையை ஆழ்குழாய்க் கிணறு போட்டு ஈடுகட்டப் பார்த்தோம். அவிநாசி, அன்னூர் பக்கம் ஆயிரம் அடியைத் தாண்டியும் துளை போட்டுப் புகை மட்டும் வந்த இடங்கள் எத்தனையோ.

ஆழத்திலிருந்து வரும் தண்ணீருக்கு மின்சாரமும் செலவாகிறது என்பதைப் பலர் நினைப்பதில்லை. ஆயிரம் அடி ஆழத்திலிருந்து ஆயிரம் லிட்டர் தண்ணீரை மேலே ஏற்ற, இயற்பியல் கணக்குப்படி முக்கால் யூனிட்டுக்குச் சற்று மேல் தேவை. நீர்மூழ்கி மோட்டார், பம்பு, குழாய் ஆகியவற்றின் இழப்பையும் சேர்த்தால் ஏறத்தாழ இரண்டு யூனிட் ஆகிவிடும். மேல்தொட்டி நிரம்பி வழிந்து சுவர் ஓரமாகத் தண்ணீர் ஓடினால் அதோடு மின்சாரமும் ஓடுகிறது. தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் கருவி எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும். ஒருமுறை மாட்டிவிட்டால் யாரும் எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. நான் பரிந்துரைப்பவை பெரும்பாலும் இந்த வகைதான். ஒவ்வொரு நாளும் மன உறுதி கேட்கும் பழக்கம் வேலைக்குப் போகும் குடும்பத்தில் நிலைக்காது.

இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு வேலை செய்யுங்கள். சொட்டும் குழாய் எது இருந்தாலும் அதன் கீழே ஒரு சொம்பை வைத்துவிட்டு, சரியாக ஒரு மணி நேரம் கழித்து டம்ளரால் அளந்து பாருங்கள். அதை 24ஆல் பெருக்கினால் ஒரு நாள் கணக்கு வரும். மணிக்கு அரை லிட்டர் சொட்டினாலே நாளுக்கு 12 லிட்டர், மாதத்துக்கு 360 லிட்டர். பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுங்கள். பெருக்கல் கணக்கு அவர்களுக்கு இதைவிட நன்றாக வேறெங்கும் புரியாது. குழாய்க்குள் இருக்கும் வாஷர் சில ரூபாய்தான்.

கண்ணுக்குத் தெரியாத கசிவு கழிவறையில் இருக்கும். ஃப்ளஷ் தொட்டியின் மூடியைத் திறந்து, பீட்ரூட் வேகவைத்த சிவப்புத் தண்ணீரில் ஒரு டம்ளரை ஊற்றுங்கள். இருபது நிமிடம் யாரும் ஃப்ளஷ் செய்ய வேண்டாம். பிறகு கீழே உள்ள பீங்கானைப் பாருங்கள். அங்கே சிவப்பு இறங்கியிருந்தால் தொட்டியின் அடியில் இருக்கும் ரப்பர் மூடி சரியாக உட்காரவில்லை என்று பொருள். உப்புத் தண்ணீர் ஓடும் வீடுகளில் அந்த ரப்பரில் வெள்ளை உப்பு படிந்துவிடும். சில நேரம் கழற்றித் தேய்த்துக் கழுவினாலே சரியாகிவிடும். இரவு பகலாக ஓசையின்றிப் போகும் இந்தத் தண்ணீர், நீங்கள் பல் தேய்க்கும்போது குழாயை மூடிச் சேமிப்பதைவிடப் பல மடங்கு இருக்கும்.

உப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர் என்று இரண்டு வகை பிரித்துப் புழங்கும் வழக்கம் நம் வீடுகளில் ஏற்கெனவே உண்டு. அதைக் கைவிடாதீர்கள். புது வீடு கட்டுபவர்கள் இரண்டையும் ஒரே தொட்டியில் கலந்துவிட்டு, பிறகு எல்லாவற்றையும் ஆர்.ஓ. எந்திரத்தில் வடிகட்டுகிறார்கள். அந்த எந்திரம் ஒரு லிட்டர் குடிநீர் தருவதற்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளும். குடிநீர்த் திட்டத்தில் வரும் ஆற்றுத் தண்ணீரில் உப்பு குறைவு. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளைக் காட்டும் டிடிஎஸ் அளவு 500க்குள் இருந்தால் ஆர்.ஓ. தேவையில்லை, காய்ச்சிக் குடிக்கலாம், அல்லது புற ஊதா விளக்கு உள்ள வடிகட்டி போதும். ஆர்.ஓ. இருந்தே ஆக வேண்டும் என்றால் கழிவுக் குழாயை ஒரு குடத்தில் விடுங்கள். அந்தத் தண்ணீர் வீடு துடைக்க, வண்டி கழுவ, கழிவறைக்கு ஆகும். செடிகளுக்கு ஊற்ற வேண்டாம். உப்பு செறிந்திருப்பதால் தொட்டிச் செடிகள் சில மாதங்களில் நுனி கருகும். செடிகளுக்கு அரிசி, காய்கறி கழுவிய தண்ணீர் இருக்கிறது. குளியலறைத் தண்ணீர் வாழைக்கும் முருங்கைக்கும் போகட்டும்.

இனி மழை. உங்கள் மாடி 1,000 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம்; அது 93 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். அப்படியானால் 10 மில்லிமீட்டர் பெய்யும் ஒரு சாதாரண மாலை மழையில் 930 லிட்டர் உங்கள் மாடியில் விழுகிறது. ஆண்டு முழுவதும் பார்த்தால், ஆவியாவதும் வழிவதும் போக, 45,000 லிட்டருக்குக் குறையாது. இத்தனை தண்ணீரைத் தெருச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு லாரித் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறோம். மழைநீர் சேகரிப்பு தமிழகத்தில் 2003இலேயே எல்லா வீடுகளுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. பல வீடுகளில் அன்று போட்ட குழாய் இன்னும் சுவரில் இருக்கிறது. கீழே உள்ள குழி மண்ணடைத்துப் போயிருக்கிறது.

அதனால் புரட்டாசி மாதத்துக்கு என்று மூன்று வேலைகளை ஒதுக்குங்கள். மாடியைக் கூட்டிக் கழுவுவது. வேப்பிலையும் பறவை எச்சமும் அடைத்திருக்கும் குழாய் வாயைத் திறப்பது. வடிகட்டிக் குழியின் மேல் ஜல்லியையும் மணலையும் எடுத்துக் கழுவி மறுபடி போடுவது. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்கும்போது முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள். ஆறு மாதத் தூசி அதில் வரும். இரண்டாவது மழையிலிருந்து பிடியுங்கள். தொட்டியில் சேர்ப்பதா, ஆழ்குழாய்க் கிணற்றை ஒட்டிய உறிஞ்சுகுழியில் விடுவதா என்று கேட்டால், இடம் இருந்தால் இரண்டும். தொட்டியின் வாய்க்குக் கொசுவலை கட்டாயம். டெங்கு பரப்பும் கொசு சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: வாசலிலும் தெருவிலும் ஓடும் தண்ணீரை வடிகட்டாமல் நேராக ஆழ்குழாய்க்குள் விடவே விடாதீர்கள். சாணமும் எண்ணெயும் சாக்கடையும் நிலத்தடி நீரில் கலந்துவிட்டால் அதைத் திரும்ப எடுக்க வழியில்லை.

அவிநாசிக்காரரான உங்களுக்கு அத்திக்கடவு திட்டத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேல் கேட்டுக் கேட்டுக் கிடைத்தது. 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. பவானி ஆற்றின் உபரி நீர் 1.5 டிஎம்சியை, காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக மேட்டுக்கு ஏற்றி, 1,045 குளம் குட்டைகளுக்கு அனுப்புவது அதன் வேலை. இவ்வளவு மின்சாரம் செலவழித்து நிரப்பப்படும் குட்டையின் கரையில் கோழிக்கடைக் கழிவும் பழைய மெத்தையும் கிடப்பதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. உங்கள் ஊர்க் குட்டை எது என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கார்த்திகையிலும் சித்திரையிலும் அதன் நீர்மட்டத்தை ஒரு கல்லை அடையாளம் வைத்துப் பார்த்துவரச் சொல்லுங்கள். வீட்டுக் கிணற்றுக்கும் குட்டைக்கும் உள்ள உறவு அவர்களுக்குத் தெரிந்துவிட்டால் குப்பை போடும் கையை அவர்களே தடுப்பார்கள்.

நீங்கள் இருவரும் திருப்பூரில் வேலை செய்வதால் துணியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன். நொய்யலில் சாயத் தண்ணீர் ஓடிய ஆண்டுகளை நாம் மறக்கக் கூடாது. பாசனத்துக்காக 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவைத் தேக்கிவைக்கும் தொட்டியாக மாறியது. அதன் கீழிருந்த விவசாயிகள் அணையில் தண்ணீர் நிறுத்தாதீர்கள் என்று போராடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கழிவே வெளியேற்றாத நிலையை எட்டும்வரை சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன்பின் பட்டறைகள் கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறைக்கு வந்தன. இது பெரிய சாதனை, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சுத்திகரிப்புக்கு மின்சாரமும் விறகும் ஏராளமாகச் செலவாகின்றன. கடைசியில் மிஞ்சும் உப்பை எங்கே வைப்பது என்ற சிக்கல் இன்னும் இருக்கிறது. பருத்திக்குச் சாயம் ஏற உப்பு வேண்டும். கறுப்பு, கருநீலம் போன்ற அடர் நிறங்களுக்கு அது இன்னும் அதிகம் வேண்டும்.

ஆகவே துணி விஷயத்தில் நம்மால் முடிந்த பெரிய காரியம், வாங்கியதை நீண்ட நாள் உடுத்துவது. உள்பக்கத்தை வெளியே திருப்பித் துவையுங்கள், நிழலில் உலர்த்துங்கள், சாயம் நிற்கும். பனியன் துணியை முறுக்கிப் பிழியாதீர்கள், வடிவம் போகும். சலவை எந்திரம் நிறையும்வரை காத்திருங்கள். சோப்புத்தூளைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள், அழுக்குப் போவதில் வேறுபாடு தெரியாது. கிழிந்த பனியன் துடைப்புத் துணி ஆகட்டும். கடையில் விற்கும் துடைப்புக் காகிதத்துக்கு நம் வீட்டில் இடமே இல்லை. விரிப்பு, போர்வை வாங்கும்போது சென்னிமலைப் பெட்ஷீட்டையும் பவானி ஜமக்காளத்தையும் பாருங்கள். கையால் நெய்த அந்த ஜமக்காளம் ஒரு தலைமுறை உழைக்கும். பக்கத்து ஊர்த் தறிக்காரருக்கு வேலையும் ஆகும்.

தலைக்குக் குளிக்க நம் பக்கம் அரப்பு இருக்கிறது. உசிலை இலையைக் காயவைத்து அரைத்த அந்தப் பொடி எண்ணெய்ப் பிசுக்கை நன்றாகவே எடுக்கும். சந்தையில் இன்றும் விற்கிறார்கள். ஷாம்பு பாக்கெட் பல அடுக்குப் படலத்தால் செய்தது, அதைப் பழைய இரும்புக் கடையில் யாரும் வாங்க மாட்டார்கள். வாரத்துக்கு ஒருமுறையாவது அரப்புக்கு மாறினால் அத்தனை பாக்கெட் சாக்கடையை அடைக்காது.

மாசி பிறந்ததும் வெயிலுக்கான வேலை. மாடித் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். சுண்ணாம்போடு பசை கலந்து இரண்டு பூச்சு. பகலில் கான்கிரீட் குடிக்கும் வெப்பம்தான் இரவு பதினொரு மணிக்கும் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. வெள்ளைத் தளம் அதைப் பெரும்பகுதி திருப்பி அனுப்பிவிடும். மேற்குச் சுவரில் வெயில் நேராக விழும் ஜன்னலுக்கு வெளிப்பக்கம் தட்டி கட்டுங்கள். உள்ளே திரை போடுவதைவிட வெளியே மறைப்பதே பலன் தரும், ஏனென்றால் கண்ணாடியைக் கடந்து வந்த வெப்பம் திரும்பப் போவதில்லை. இதையெல்லாம் செய்த பிறகும் ஏசி தேவைப்பட்டால் 24 டிகிரியில் வைத்து, கூடவே மின்விசிறியை மெதுவாக ஓடவிடுங்கள்.

மின்விசிறிக்கு ஒரு கணக்கு. பழைய விசிறி 75 வாட். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட். பி.எல்.டி.சி. என்ற குறைந்த மின்சார மோட்டார் உள்ள புதிய விசிறி 30 வாட்டில் அதே காற்றைத் தரும்; 22 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். ஒரு விசிறிக்கு 32 யூனிட் மிச்சம். அதிக நேரம் ஓடும் கூடத்து விசிறியையும் படுக்கையறை விசிறியையும் மட்டும் முதலில் மாற்றுங்கள். இரு மாதக் கணக்கில் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். 500ஐத் தாண்டினால் கீழ் அடுக்குகளுக்கான மலிவு விலையும் கைநழுவிவிடும் என்பது பலருக்குத் தெரியாது. உங்கள் மின்கணக்கு அட்டையில் 520, 540 என்று இருந்தால் இந்த இரண்டு விசிறிகளே பணத்திலும் பெரிய வேறுபாட்டைக் காட்டும்.

பழுது பார்ப்பதில் கோவைக்காரர்களுக்கு ஈடு கிடையாது. காயில் கட்டும் கடையும் வெல்டிங் பட்டறையும் இல்லாத தெரு உண்டா? கிரைண்டர், மிக்சி, இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றையும் பழுது பார்த்தே ஓட்டுங்கள். ஆனால் நாள் முழுவதும் ஓடும் பொருள்களுக்கு இந்த விதி பொருந்தாது. காயில் எரிந்த பழைய விசிறியை மறுபடி கட்டினால் முன்பைவிட அதிக மின்சாரம் இழுக்கவும் வாய்ப்பு உண்டு. தினம் அரை மணி நேரம் ஓடும் கிரைண்டரைக் கட்டுங்கள், பன்னிரண்டு மணி நேரம் ஓடும் விசிறியை மாற்றுங்கள்.

ஆடி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று நமக்குக் கிடைத்த கொடை. உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் சுழல்வது இந்தக் காற்றில்தான். வீட்டில் இந்த மாதங்களில் ஏசியை மறந்துவிடலாம். மேற்கும் கிழக்கும் ஜன்னலைத் திறந்தால் போதும். ஆடிப் பட்டம் தேடி விதை என்பது தோட்டக்காரருக்கு மட்டும் சொன்னதன்று. சுற்றுச்சுவர் ஓரம் நான்கு அவரை விதையும் இரண்டு பீர்க்கன் விதையும் ஊன்றிக் கொடியேற்றுங்கள். மார்கழிப் பனியில் அவரை காய்த்துக் கொட்டும். தை முழுவதும் காய் வாங்க வேண்டியிருக்காது.

சாப்பாட்டில் உங்கள் மாமியாரைக் கேளுங்கள், நான் சொல்வதைவிட அதிகம் அவருக்குத் தெரியும். அவர் சிறுமியாக இருந்த காலத்தில் கம்மஞ்சோறும் ராகிக் களியும் சோளச் சோறும்தான் தினசரிச் சாப்பாடாக இருந்திருக்கும். இவை மானாவாரிக் காட்டில் மழையை மட்டும் நம்பி விளைபவை. நெல் கேட்கும் தண்ணீரில் சிறு பங்குதான் கேட்கும். வாரத்தில் இரண்டு வேளை இவற்றுக்குத் திரும்பினால் போதும். கொள்ளுப் பருப்புக்கும் இதே கதைதான். இரவே ஊறப்போட்டுவிட்டால் குக்கரில் பாதி நேரத்தில் வெந்துவிடும், எரிவாயுவும் மிச்சம். காய்கறிக்கு உழவர் சந்தையோ வாரச் சந்தையோ நல்லது. எந்தக் காய் மலிவாகக் குவிந்திருக்கிறதோ அதுவே அந்தப் பருவத்தின் காய் என்று வைத்துக்கொண்டு அதைச் சமையுங்கள். தக்காளி சீந்துவாரின்றிக் கிடக்கும் வாரத்தில் கூடுதலாக வாங்கி நறுக்கி வெயிலில் காயவைத்தால், விலை ஏறும் மாதத்தில் ரசத்துக்கு ஆகும்.

வீட்டுக் குப்பையில் பெரும்பாதி சமையலறைக் கழிவு. அது பிளாஸ்டிக் பையில் கட்டப்பட்டுக் குப்பை மேட்டுக்குப் போனால் காற்றில்லாமல் அழுகி மீத்தேன் வாயுவை உண்டாக்கும். கோவையின் வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கு 2024 ஏப்ரலில் தீப்பிடித்துப் பல நாள்கள் புகைந்ததை நினைவில் வையுங்கள். சுற்றியிருந்த குழந்தைகள்தான் அந்தப் புகையைச் சுவாசித்தார்கள். அக்கம்பக்கத்தில் மாடு வைத்திருப்பவர் இருந்தால் காய்கறித் தோலையும் கழனித் தண்ணீரையும் அவருக்குக் கொடுப்பதே முதல் வழி. ஒரு துண்டு பிளாஸ்டிக்கூட அதில் கலக்கக் கூடாது. மாட்டின் வயிற்றில் அது தங்கிவிடும்.

மாடு இல்லையென்றால் உரம் செய்யலாம். இருபது லிட்டர் பெயிண்ட் வாளிகள் இரண்டு எடுத்து, அடியிலும் பக்கத்திலும் சூடான கம்பியால் துளை போடுங்கள். அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் காய்ந்த இலை. அன்றைய தோலை நறுக்கிப் போட்டு, மேலே இரண்டு கைப்பிடி தென்னை நார்க்கழிவு அல்லது சருகு தூவி மூடுங்கள். வாரம் ஒருமுறை புளித்த மோரைத் தெளித்துக் கிளறினால் நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாக வேலை செய்யும். நாற்றம் வந்தால் ஈரம் மிகுந்துவிட்டது, இன்னும் சருகு போடுங்கள். எறும்பு மொய்த்தால் மிகவும் உலர்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். மீன், இறைச்சி, எண்ணெய்ச் சோறு வேண்டாம். ஒரு வாளி நிறைந்ததும் அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். ஒன்றரை இரண்டு மாதத்தில் கறுத்து, மழை பெய்த மண்ணின் மணத்தோடு உதிரியாக வரும். அவரைக் கொடியின் அடியில் போடுங்கள்.

பிளாஸ்டிக்கைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், எல்லோரும் பேசுவதால். 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் அதில் அடக்கம். நம் ஊர் பேக்கரிகளில் மாலை நேரத்தில் எத்தனை காகிதக் கப்புகள் குவிகின்றன என்று பாருங்கள். “கண்ணாடி டம்ளரில் கொடுங்கள் அண்ணா” என்று கேட்டால் எந்தக் கடைக்காரரும் மறுப்பதில்லை. பார்சல் வாங்கத் தூக்குப்போசி, அதாவது தூக்குப் பாத்திரம், எடுத்துப் போங்கள். வண்டியின் பெட்டியில் ஒரு மஞ்சப்பையும் ஒரு போசியும் நிரந்தரமாக இருந்தால் மறக்காது. கல்யாணம், கோயில் நோம்பி என்று வந்தால் குட்டித் தண்ணீர் பாட்டிலுக்குப் பதிலாகப் பந்தியில் குடமும் சில்வர் டம்ளரும் வைக்கச் சொல்ல, வீட்டுப் பெரியவர் ஒருவர் வாய் திறந்தால் போதும். சென்னைப் பக்கம் போகியன்று பழையதை எரிப்பார்கள். நமக்கு அன்று காப்புக்கட்டு: வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூவை வீட்டில் கட்டுவது. அதையே பிடித்துக்கொள்வோம், டயரும் பிளாஸ்டிக்கும் எரியும் வழக்கம் நம் ஊரில் வேரூன்ற வேண்டாம்.

போக்குவரத்தில் உங்களுக்கு வழி எளிது. அவிநாசி திருப்பூர் தடத்தில் டவுன் பஸ் ஓடுகிறது. 2021 மே முதல் பெண்களுக்கு அதில் கட்டணமில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறும். தினமும் முடியாவிட்டாலும், ஷிப்ட் நேரம் ஒத்துவரும் நாள்களில் பஸ்ஸில் போங்கள். மற்ற நாள்களில் இருவரும் ஒரே வண்டியில் போங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை டயரில் காற்றைச் சரிபாருங்கள், குறைந்த காற்று பெட்ரோலைத் தின்னும்.

இவ்வளவையும் ஒரே மாதத்தில் தொடங்காதீர்கள். தினசரிக் காலண்டரை எடுத்து, மாசியில் சுண்ணாம்பு, ஆனி கடைசியில் விதை வாங்குவது, புரட்டாசியில் மாடியும் குழியும், மார்கழியில் குழாய்ச் சோதனை என்று அந்தந்தத் தாளிலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். வேலையைப் பிரித்தும் கொடுங்கள்: உர வாளி மாமியாருடையது, மீட்டர் படிப்பது மூத்த பிள்ளையுடையது, மாடி கழுவுவது உங்கள் கணவருடையது. எல்லாம் வீட்டுப் பெண்ணின் தலையில் விழும் வீடுகளில்தான் இந்தப் பழக்கங்கள் பங்குனிக்குள் செத்துப்போகின்றன என்று உறுதியாகச் சொல்வேன்.

சோலார் கேள்விக்கு வருகிறேன். போடலாம், ஆனால் விசிறியையும் கசிவையும் சரிசெய்து இரண்டு பில் பார்த்த பிறகு போடுங்கள். குறைந்த தேவைக்குச் சிறிய அமைப்பே போதும். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி இடம் வேண்டும். நம் வெயிலில் நாளுக்கு சராசரியாக 4 யூனிட் தரும், இரண்டு மாதத்தில் 240. 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாயும் மானியம் என்று அறிவித்தார்கள்; விண்ணப்பிக்கும்போது அன்றைய நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களைப் போன்ற குடும்பத்துக்கு 2 கிலோவாட் போதும் என்பது என் கணிப்பு. பலகையை உப்புத் தண்ணீரால் கழுவாதீர்கள், வெள்ளைக் கறை படிந்து உற்பத்தி குறையும். பிடித்துவைத்த மழைநீர் இதற்கு மிக நல்லது. பக்கத்துத் தோட்டத்துத் தென்னை நிழல் மாடியில் எதுவரை வருகிறது என்பதை மார்கழி, தை மாதங்களில் காலை ஒன்பது மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் ஏறிப் பாருங்கள். சூரியன் தெற்கே சாய்ந்து நிழல் நீளமாக விழும் நாள்கள் அவை. அப்போதும் வெயில் படும் இடத்தில் பலகையை வையுங்கள்.